சட்டி ஏறியதிலிருந்து

பலகையைப் படித்துவிட்டு உட்கார்ந்தீர்களா, பசியில் உட்கார்ந்துவிட்டீர்களா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பாஸ்ட் புட் என்று எழுதியிருந்தால் சட்டென்று கிடைத்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும். நான் ஐப்பசி மழையிலிருந்து இந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது பங்குனி. எனக்கு ஒரு நாள்கூடச் சட்டென்று கிடைத்ததில்லை.

இல்லையில்லை, நீங்கள் அதிலேயே இருங்கள். இது என்னுடையது. என்னுடையது என்றால் நான் வாங்கிப் போட்டதல்ல. மற்ற ஸ்டூலெல்லாம் ஒரு கால் ஆடும். இது ஆடாது. நான் வருவதற்கு முன்னாலேயே அந்தம்மா இதைத் துடைத்துத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. கடைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

பையைப் பார்த்தால் மருந்துக் கம்பெனி ரெப் மாதிரி இருக்கிறது. சரிதானா? நினைத்தேன். மதுரைக்கு ரயிலா? நேரம் இருக்கிறது. கோவில்பட்டியில் எதுவும் தூரமில்லை, ஆட்டோவில் ஏறினால் ஸ்டேஷன் வந்துவிடும். என்ன சொல்லியிருக்கிறீர்கள்? சிக்கன் ரைஸ். எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள்.

என் பெயர் ஆறுமுகநயினார். ஆபீஸ் சூப்பிரண்டாக இருந்து ஓய்வுபெற்றவன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். மனு வாங்குகிற ஆபீஸ், அது போதும். இதைக் கொஞ்சம் மெதுவாகப் பேசிக்கொள்வோம். நான் யார் என்பது இந்தக் கடைக்காரர்களுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. நான் இங்கே சாப்பிட வருகிறவன் இல்லை. விசாரணைக்கு வருகிறவன்.

அதோ, கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு அடுப்பில் நிற்கிறானே. சட்டியைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறான் பாருங்கள், தீ உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறது. அவன் பெயர் கதிரேசன். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள் என் மகள்.

மகள் பெயர் செண்பகவல்லி. எங்கள் ஊர் அம்மன் பெயர். வீட்டில் செண்பகம். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சாப்பாட்டுக் கடை வைக்கிறவர்கள் டாக்டர் சான்று வாங்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. அதற்கு ரத்தம் கொடுக்க இவன் போயிருக்கிறான். இத்தனை பெரிய இரும்புச் சட்டியைத் தீயில் ஆட்டுகிறவன், ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டானாம். "குத்திட்டீங்களா, குத்திட்டீங்களா" என்று கேட்டானாம். அவள் குத்தி, எடுத்து, பஞ்சு வைத்து ஒட்டியும் ஆகிவிட்டது. இவன் இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தானாம். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள் பாருங்கள், அவள் அம்மா போன பிறகு அந்த வீட்டில் நான் கேட்காத சிரிப்பு. சரி, அது வேறு.

"எனக்குப் பிடிச்சிருக்குப்பா. நீங்க ஒரு தடவ பாருங்க" என்றாள்.

"விசாரிக்கிறேன்" என்றேன்.

விசாரித்தேன். அவன் தெருவில் கேட்டேன், படித்த இடத்தில் கேட்டேன். கேட்டரிங் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் இருந்திருக்கிறான். அப்பா தவறியதும் அம்மாவைத் தனியாக விட முடியாது என்று திரும்பி வந்து இந்தத் தள்ளுவண்டியைப் போட்டிருக்கிறான். குடி கிடையாது. வாய்ச் சண்டை கிடையாது. கேட்ட இடத்திலெல்லாம் நல்ல பையன், நல்ல பையன் என்றே சொன்னார்கள். உங்களுக்குத் தெரியாது, குறையே இல்லாத மனுவைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் அதிகமாகும். அப்படி ஒரு மனு இருக்கவே முடியாது. எங்கேயோ ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கும், தேட வேண்டும்.

தேடிக்கொண்டு நேராக இங்கேயே வந்தேன். வந்து நின்றதும் பலகையைப் பார்த்தேன். அப்போது அதில் 'மின்னல் பாஸ்ட் புட், ஐந்தே நிமிடத்தில்' என்று எழுதியிருந்தது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒருவன் வாயால் சொல்வதை விடுங்கள், பெயின்ட் அடித்து, லைட் போட்டு ஊருக்குக் காட்டுகிற வார்த்தை ஒன்று இருக்கிறதே. அதைக் காப்பாற்றாதவன் என் மகளுக்குக் கொடுக்கிற வார்த்தையைக் காப்பாற்றுவானா? நீங்கள் படித்தவர், நீங்களே சொல்லுங்கள்.

சோதனை என்றால் சரியாகச் செய்ய வேண்டும். "ஒரு வெஜ் ரைஸ்" என்றேன். "அஜினோமோட்டோ கூடாது. முட்டைக்கோஸ் கூடாது, எனக்கு வாயு. மிளகாய்த்தூள் கூடாது, மிளகுதான். அதுவும் பாக்கெட்டில் வருகிற பொடி கூடாது, இடித்தது. முட்டையோ கறியோ பட்ட சட்டி கூடாது, தேய்த்துக் கழுவிப் போட வேண்டும்." யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. காற்றைப் பார்த்துச் சொன்னேன். இன்றுவரை அவனை நான் 'வா, போ' என்றதில்லை, 'வாங்க, போங்க' என்றும் சொன்னதில்லை. 'தம்பி' கூடக் கிடையாது. ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் பிறகு விசாரணை என்ன விசாரணை? 'ரைஸ் வேண்டும்', 'பார்சல் ஆயிற்றா' என்று பொதுவாகத்தான் பேசுவேன்.

இவர்கள் வேலை பார்க்கிற முறையைக் கவனித்தீர்களா? வந்த வரிசைப்படி போடுவதில்லை. அதுதான் முதல் குற்றம். சிக்கன் ரைஸ் கேட்ட அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே சட்டி. அது இறங்கினால் நூடுல்ஸ் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு சட்டி. எனக்குப் பின்னால் வந்தவன் எனக்கு முன்னால் பார்சலை மாட்டிக்கொண்டு பைக்கை உதைத்துப் போகிறான். நான் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கே கேட்டுவிட்டேன்.

"சார், உங்களுக்குத் தனிச் சட்டி வேணும்" என்றான். "இது எறங்கணும், தேச்சுக் கழுவணும், அப்புறந்தான் போடணும். சிக்கன் ரைஸ்னா இப்பவே தந்துருவேன்."

"தனிச் சட்டிக்கு விலக்கு உண்டுன்னு போர்டுல போட்டிருக்கா?"

அவன் திரும்பிப் பலகையைப் பார்த்தான். அவனே எழுதியதைப் புதிதாகப் படிக்கிறவன் மாதிரிப் பார்த்தான். "இல்ல சார்" என்றான்.

ஒத்துக்கொண்டான். நான் நியாயமானவன், அதை அவன் பக்கத்தில்தான் சேர்த்துக்கொண்டேன்.

"அஞ்சு நிமிஷம்னா எதுலேர்ந்து?" என்றேன் மறுநாள். "நான் சொன்னதிலிருந்தா? சொன்னது காதில் விழுந்ததிலிருந்தா?"

"சட்டி ஏறுனதிலிருந்து சார்."

"அது எங்கே எழுதியிருக்கு?"

அடுத்த முறை வந்தபோது எழுதியிருந்தது! 'மின்னல் பாஸ்ட் புட், சட்டி ஏறியதிலிருந்து ஐந்தே நிமிடத்தில்.' பெயின்ட் காயவில்லை. சட்டி ஏறுவதே எப்போது என்று தெரியாதபோது இதனால் எனக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். பிறகு 'முடிந்தவரை விரைவில்' என்று மாற்றினார்கள். அது எங்கள் ஆபீஸ் வார்த்தை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? கூடாது என்றேன். கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அதோ பாருங்கள், 'சூடாகக் கிடைக்கும்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அதுவரை இறக்கிவிட்டேன். சூடு என்பதையாவது காப்பாற்றுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்காக இவர்கள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று நினைக்காதீர்கள். அங்கே ஆணியில் ஒரு சின்னச் சட்டி தொங்குகிறதே, புதுசு. கார்த்திகையில் வாங்கினார்கள். என் ரைஸ் மட்டும்தான் அதில். மற்ற நேரமெல்லாம் சும்மா தொங்குகிறது. வேறு யாருக்கும் இறக்கிப் பார்த்ததில்லை. ஒருவர் தின்பதற்கு ஒரு சட்டி வாங்கித் தொங்கவிடுகிறவன் எப்படி வியாபாரத்தில் முன்னுக்கு வருவான்? இதையும் குறையில்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. மிளகு இடிக்க ஒரு சின்ன உரலும் வந்திருக்கிறது. சரி, மிளகு நன்றாக இருக்கிறது, அதை மறுக்கவில்லை.

அப்படியும் ஏன் தாமதம் என்கிறீர்களா? அதைத்தானே நானும் கேட்கிறேன். சட்டி தனியாக இருக்கிறது. ஆனால் என் முறை வரும்போதெல்லாம் யாராவது கைப்பிள்ளையோடு ஒரு பெண் வந்துவிடுவாள். "அவங்களுக்கு முதல்ல ஆகட்டும்" என்பேன். பிறகு ஒரு பஸ் டிரைவர் வண்டியை ஆஃப் பண்ணாமல் ஓடி வருவார். "பஸ்ஸு நிக்குது, அவருக்கு ஆகட்டும்" என்பேன். மனிதத்தன்மை என்று ஒன்று இருக்கிறதில்லையா? நான் விட்டுக்கொடுப்பது என் பெருந்தன்மை. அதனால் தாமதம் தாமதமில்லை என்று ஆகிவிடாது.

ஒரு நாள் நல்ல மழை. இன்றைக்குக் கடை இருக்காது என்று தெரிந்தேதான் குடையோடு வந்தேன், சும்மா ஒரு நடை. வந்து பார்த்தால் தார்ப்பாய் கட்டி ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. கூட்டமா, ஒரு ஈ காக்கை இல்லை. இந்த ஸ்டூல் மட்டும் நனையாமல் உள்ளே கிடந்தது. ஆள் இல்லாத நாள், இன்றைக்காவது உடனே கிடைக்கும் என்று உட்கார்ந்தேன். "மழ விடட்டும் சார். நனைஞ்சுகிட்டே போனா ஆறிரும். விட்டதும் போடுதேன்" என்றான். மழை விட எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? அதுவரை அவனும் நானும் அந்தம்மாவும் பேசிக்கொண்டிருந்தோம். சென்னையில் அந்த ஹோட்டல் சமையலறை எப்படி இருக்கும் என்று சொன்னான். நான் என் மனைவி வைக்கிற பூண்டுக் குழம்பைப் பற்றிச் சொன்னேன். அவளைப் பற்றி அவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. சரி, அது வேறு. விஷயம் என்னவென்றால், வாடிக்கையாளரே இல்லாத நாளிலும் தாமதம். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அந்தம்மா யார் என்று சொல்லவில்லையே. பார்சல் கட்டுகிறாளே, அவன் அம்மா. சண்முகக்கனி. வெட்டுவது, கட்டுவது, பேசுவது மூன்றும் அவள் பொறுப்பு. பேசுவது கொஞ்சம் கூடுதல். வந்த புதிதில் என்னை 'சார்' என்றாள். மார்கழியிலிருந்து 'அண்ணே' என்கிறாள். "வாங்கண்ணே, உக்காருங்கண்ணே, செண்..." என்று ஒரு நாள் ஏதோ ஆரம்பித்தாள். அவன் கரண்டியால் சட்டியில் டங்கென்று தட்டினான். "செம்பு நிறையத் தண்ணி வச்சிருக்கேன்னு சொல்ல வந்தேண்ணே" என்றாள். எனக்குத் தாகமில்லை என்று சொல்லிவிட்டேன். அண்ணன், தங்கை என்று உறவு கொண்டாடுவதெல்லாம் வியாபாரத் தந்திரம். நம்மிடம் பலிக்காது.

போன வாரம் ஒரு கேள்வி கேட்டாள். "பார்சல் எப்ப வரும், பார்சல் எப்ப வரும்னு தெனமும் கேக்கீகளே அண்ணே. எங்க பார்சலு எப்ப வரும்?"

"உங்க பார்சலா? உங்களுக்கு நான் என்ன தர வேண்டியிருக்கு?"

"அதச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவன் அடுப்பைக் கூட்டி வைத்துவிட்டான், புர்ரென்று அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. எனக்கு அன்றைக்கு இரவெல்லாம் யோசனை. நான் ஏதாவது டிபன் கேரியர் வாங்கிப் போய்த் திருப்பித் தராமல் விட்டுவிட்டேனா என்று அலமாரியெல்லாம் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. படிக்காதவர்கள் பேச்சு. தலையும் இருக்காது வாலும் இருக்காது.

ஒரு நிமிஷம். இங்கே கொடுங்கம்மா, நான் பார்த்துக்கிடுதேன். சாஸ் வச்சாச்சா? வெங்காயம்? ரப்பர் பேண்டு சரியாக இருக்கிறது. ம். யாருடைய பார்சல் வந்தாலும் நான்தான் வாங்கிச் சரிபார்ப்பது. யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. முன்பெல்லாம் நூடுல்ஸ் கேட்டவருக்கு ரைஸ் போய்விடும். இப்போது அந்தக் குழப்பம் இல்லை. ஏய், அந்த பைக்கை அங்கே நிறுத்தாதே, ஆட்கள் நிற்கிற இடம். பார்த்தீர்களா? நான் இல்லையென்றால் இதையெல்லாம் யார் கவனிப்பது? எங்கே விட்டேன்?

ஆமாம், தாமதம். என் ஆபீசிலும் ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். மரத்தடியில், வராந்தாவில், படியில். நீங்கள் மனதில் நினைப்பது தெரிகிறது. அது வேறு, இது வேறு. அது தாமதமில்லை, பரிசீலனை. என் மேஜைக்கு வந்த எந்தக் கோப்பும் ஒரு கேள்வியாவது கேட்கப்படாமல் திரும்பிப் போனதில்லை. அது என் பெருமை. ஒருவர் மனு கொடுத்தார், உத்தரவை அவர் மகன் வந்து வாங்கிக்கொண்டு போனான். பெரியவர் அதற்குள் தவறிவிட்டார். ஆனால் அந்த உத்தரவில் ஒரு பிழை காட்ட முடியுமா யாராவது? முடியாது. அவசரமாகப் போட்ட கையெழுத்து பின்னால் ஆளைக் கொல்லும். சோற்றை ஐந்து நிமிடத்தில் தரலாம். தர முடியாது என்பது வேறு விஷயம், தருகிறேன் என்று எழுதவாவது செய்யலாம். பெண்ணைத் தர முடியுமா?

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், ரயில் எங்கேயும் போய்விடாது. இந்த லைனில் எல்லா ரயிலும் லேட்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆட்டோவில் சாய்ந்துகொண்டு ஆஃப் பாயில் தின்கிறானே, அவன் பெயர் லூர்து. வந்ததும் வராததுமாக "மாப்ளே, ஒரு கோபி ரைஸ்" என்று கத்துவான். எனக்குச் சுரீரென்று வரும். அந்த வார்த்தையை இப்படி ரோட்டில் எறியலாமா? ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அவர் உனக்கு என்ன முறை?" "என்ன மொற சார், பழக்கந்தான்" என்றான். "உங்களுக்குக் கூப்பிடணும்னா நீங்களும் கூப்பிடுங்க. யாரு வேண்டாம்னா?" சொல்லிவிட்டு அந்தம்மாவைப் பார்த்து ஒரு இளிப்பு. அதில் என்ன இளிப்பு வேண்டியிருக்கிறது?

நான் கூப்பிட முடியுமா? எங்கள் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. தட்டு மாற்றுவது, பாக்கு வெற்றிலை, மண்டபம் எல்லாம் பிறகுதான். பெண்ணைப் பெற்றவன் வாயிலிருந்து அந்த வார்த்தை நாலு பேர் முன்னால் வந்துவிட்டால் தீர்ந்தது. என் மாமனார் ஒரு சைக்கிள் கடை வாசலில் வைத்துத்தான் என்னைக் கூப்பிட்டார். "மாப்பிள்ளே, காத்து அடிச்சாச்சா?" என்றார். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். மறுநாள் ஊருக்கே தெரியும். அதற்குப் பிறகு அவராலும் பின்வாங்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. ஆகையால் அந்த வார்த்தையை நான் பல்லுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

செண்பகம் முதலில் தினமும் கேட்பாள். "என்னப்பா, விசாரணை எந்த மட்டுல இருக்கு?" "நடக்குது" என்பேன். தை பிறந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டாள். பார்சலைப் பிரித்து ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தானப்பா இருக்கு" என்பாள். அவ்வளவுதான். நானும் நல்லாயில்லை என்று சொல்லவில்லையே. ருசி என் விசாரணையில் வரவில்லை. நான் இங்கேயே ஒரு தட்டுச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு போகிறவன்தானே. இத்தனை மாதத்தில் இரண்டு சட்டை இறுக்கமாகிவிட்டது. ருசி இல்லை என்றால் ஆகுமா?

இன்றைக்குக் காலையில் என்ன செய்தாள் என்கிறீர்கள்? காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். வேலைக்குப் போகிற அவசரத்தில் அவள் உட்காருகிறவளே இல்லை.

"அப்பா, நான் ஒண்ணு கேக்கேன். கோவப்படாதீங்க. ஆமான்னு சொல்லுங்க, இல்ல, வேண்டாம்னு சொல்லுங்க. வேண்டாம்னா நாலு நாள் அழுதுட்டு எந்திரிச்சிருவேன். ஆனா இப்படிக் கையில வச்சுக்கிட்டே இருக்காதீங்கப்பா. அவங்களும் எத்தன மாசம் காத்துக்கிட்டு இருப்பாங்க? ராத்திரி பார்சல் வாங்கிட்டு வரும்போது பதிலையும் சொல்லிட்டு வாங்க. இன்னைக்கு ஒண்ணும் சொல்லலைன்னா, நானே போயி அவங்க அம்மாகிட்ட வேற எடம் பாருங்கன்னு சொல்லிருவேன்."

சொல்லக்கூடியவள்தான். அவள் அம்மாவும் அப்படித்தான். கத்த மாட்டாள். சொன்னால் செய்துவிடுவாள்.

கையில் வைத்துக்கொண்டே இருக்கிறேனாம். நான் என்னத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன்? வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணம் அகப்பட வேண்டும். அகப்படவில்லை. சரி என்று சொல்வதற்கு அவசரம் என்ன? சொல்லிவிட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். வைகாசியில் முகூர்த்தம் என்பார்கள். அவள் போய்விடுவாள். தூரமில்லை, நாலு தெரு தள்ளித்தான். அதுவல்ல. விசாரணை முடிந்துவிடும். முடிந்த பிறகு நான் எந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டு சாயங்காலம் இங்கே வந்து உட்காருவது? சம்பந்தி வீட்டுக் கடையில் தினமும் வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் ஊர் சிரிக்காதா? இங்கே யாராவது ஒருவர் காத்திருக்கிறார், பேசுகிறோம். இப்போது உங்களோடு பேசவில்லையா? வீட்டில் யாரோடு பேசுவது, பல்லியோடா?

சரி, அது வேறு. அது இதில் வராது.

காலையிலிருந்து இதே யோசனை. ஒன்று சொல்கிறேன், மனதோடு வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மாதமாக... இல்லை, ஆறா? ஐப்பசி, கார்த்திகை... ஏதோ ஒன்று, இத்தனை நாளாக என்னிடம் இவ்வளவு கேள்வி வாங்கியிருக்கிறான், அந்தப் பையன் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. ஒரே ஒரு நாள் முகம் சுளித்திருந்தால் என் வேலை எவ்வளவு சுலபமாகியிருக்கும். அதைக்கூடச் செய்து தரவில்லை. பலகையை அழி என்றால் அழிக்கிறான். எழுது என்றால் எழுதுகிறான். என்ன மனிதன் இவன்? இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு எப்படி ஒரு முடிவுக்கு வருவது?

ஏன் எழுந்திருக்கிறீர்கள்? ரயிலா? பார்சல் வராமல் எப்படிப் போவீர்கள்? இதைத்தான் முதலிலேயே சொன்னேன், பாஸ்ட் புட் என்பதெல்லாம் பலகையோடு சரி, பசித்தவனை உட்காரவைத்துவிட்டு...

உங்கள் பார்சலா? சிக்கன் ரைஸ்தானே? அது அப்போதே வந்துவிட்டதே! இதோ, என் மடியில்தான் இருக்கிறது. உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, அந்தம்மா கட்டிக் கொடுத்துவிட்டாள். நீங்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நடுவில் கெடுக்க வேண்டாம் என்று நான்தான் வைத்துக்கொண்டிருந்தேன். இந்தாருங்கள்.

என்ன, ஆறிவிட்டதா? எங்கே, கொடுங்கள். அட ஆமாம். ஐஸ் மாதிரி இருக்கிறது. இது எப்படி? பலகையில் என்ன போட்டிருக்கிறது? சூடாகக் கிடைக்கும். மிச்சமிருந்தது அந்த ஒரு வார்த்தைதான், அதுவும் போயிற்றா? நீங்கள் உட்காருங்கள். ஆறின சோற்றைத் தூக்கிக்கொண்டு ஒரு மனிதர் மதுரை வரைக்கும் போவதா? கடைப் பெயர் என்ன ஆகும்? நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள்? நம்ம கடையில் அப்படி நடக்கக் கூடாது. இருங்கள்.

"மாப்பிள்ளே! மாப்பிள்ளே, இந்தாங்க, சார் ரயிலுக்குப் போகணும். இத ஒரு பெரட்டு பெரட்டிச் சூடாக்கிக் குடுங்க!"

இப்போது ஆகிவிடும். ஒரு நிமிஷ வேலை.

என்ன, அடுப்புச் சத்தத்தைக் காணோம்? ஏன் நின்றுவிட்டான்? தூக்கின கரண்டி தூக்கினபடியே இருக்கிறது. அந்தம்மா ஏன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்? டேய் லூர்து, எதற்குடா இப்படி ஹாரன் அடிக்கிறாய்? பைத்தியமா உனக்கு?

நான் என்ன சொல்லிவிட்டேன்? நீங்கள்தான் பக்கத்தில் இருந்தீர்கள், நீங்கள் சொல்லுங்கள். சூடாக்கித் தரச் சொன்னேன். அதற்கு முன்னாலா? அதற்கு முன்னால் ஒன்றும் சொல்லவில்லையே. சொன்னேனா? எப்படிச் சொன்னேன்? சத்தமாகவா?

இருங்கள், போன் அடிக்கிறது. கண்ணாடி எங்கே... செண்பகம். இவள் எதற்கு இந்த நேரத்தில்? அந்தம்மா கையிலும் போன் இருக்கிறது, பாருங்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். அதற்குள்ளேயா? இப்போதுதானே வாயை மூடினேன். உங்கள் சோறு இன்னும் சட்டியில்கூட ஏறவில்லையே.